சங்கீதம் 91 சொல்லியும் ஆபத்து வருவது ஏன்? தேவ சித்தத்தை அறிவது எப்படி?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. வீட்டில் தினமும் இரவு 91ஆம் சங்கீதம் சொல்லி ஜெபிக்கிறார்கள். அப்படியிருந்தும் அண்ணனுக்குச் சாலை விபத்தில் கால் முறிந்துவிட்டது. வாக்குத்தத்தம் பொய்த்ததா, இல்லை வீட்டாரின் விசுவாசத்தில் குறையா? இரண்டாவது, வளைகுடா நாட்டில் ஒரு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. போவது தேவ சித்தமா என்று பார்க்க, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுக்கலாமா? பார்வைக்கு இவை வேறு வேறு கேள்விகள். ஆனால் அந்தச் சங்கீதத்தின் 11ஆம் வசனத்தில் இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அங்கிருந்தே தொடங்கலாம்.

"உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி, உனக்காகத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார்." தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, "தாழக் குதியும்" என்ற பிசாசு எடுத்துச் சொன்னதும் இதே வசனம்தான். மத்தேயு 4:6ஐயும் லூக்கா 4:10ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் "உன் வழிகளிலெல்லாம்" என்பது இல்லை. தூதர்கள் உண்டு, ஏந்தும் கைகள் உண்டு, வழி மட்டும் காணோம். காவலை வழியிலிருந்து பிரித்து எடுத்தால் அது கடவுளைச் சோதிக்கிற காரியமாகிவிடும். இயேசு உபாகமம் 6:16ஐச் சொல்லி மறுத்தது அதனால்தான். ஆக, "கடவுள் என்னைக் காப்பாரா?" என்று கேட்கிறவர் "நான் போகிற வழி எது?" என்றும் கூடவே கேட்டாக வேண்டும்.

இனி சங்கீதத்தின் அமைப்பு. மொத்தம் 16 வசனங்கள். முதல் இரண்டில் ஒருவர் தன் நம்பிக்கையை அறிக்கையிடுகிறார். 3 முதல் 13 வரை வேறொரு குரல் அவரைத் தேற்றுகிறது: வேடனுடைய கண்ணி, கொள்ளைநோய், பகலில் பறக்கும் அம்பு, விரியன் பாம்பு. கடைசி மூன்று வசனங்களில் கடவுளே பேசுகிறார். நம் வீடுகளில் 7ஆம் வசனத்தையும் (ஆயிரம்பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது) 10ஆம் வசனத்தையும் (பொல்லாப்பு உனக்கு நேரிடாது) உரக்கச் சொல்லிவிட்டு, இந்தக் கடைசிப் பகுதியை வேகமாக முடித்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. 15ஆம் வசனம் சொல்வது: "ஆபத்தில் நானே அவனோடிருந்து, அவனைத் தப்புவித்து." ஆபத்தே வராது என்றால் இந்த வரிக்கு வேலையே இல்லை. "அவன் என்னை நோக்கிக் கூப்பிடுவான்" என்பதும் அப்படியே. நெருக்கத்தில் இருக்கிறவன்தான் கூப்பிடுவான். 10ஆம் வசனத்தையும் 15ஆம் வசனத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கிறவருக்கு, இந்தப் பாட்டு விபத்துக் காப்பீட்டுப் பத்திரம் இல்லை என்பது புரிந்துவிடும்.

இந்தச் சங்கீதத்தைத் தாயத்துபோலப் பயன்படுத்துவது நம் ஊரில் தொடங்கியதல்ல. சாக்கடல் சுருள்கள் எனப்படும் பழைய யூதக் கையெழுத்துப்படிகளில், 11ஆம் குகையில் கிடைத்த ஒரு சுருளில், பேயோட்டும் பாடல்களோடு 91ஆம் சங்கீதமும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. யூத மரபில் அதற்குத் தீங்குகளுக்கு எதிரான பாட்டு என்றே ஒரு பெயர் உண்டு. பிற்காலக் கிறிஸ்தவர்கள் அதன் முதல் வரிகளைப் பாப்பிரஸ் துண்டுகளில் எழுதிச் சுருட்டி உடம்பில் கட்டிக்கொண்டார்கள். மறுபக்கம், மேற்கத்திய திருச்சபை இதை இரவு மன்றாட்டில் வைத்தது. கத்தோலிக்கர் ஞாயிறு இரவு மன்றாட்டில் இன்றும் திருப்பாடல் 91ஐச் சொல்கிறார்கள். பாட்டு ஒன்றுதான். ஒருவர் அதை உடம்பில் கட்டிக்கொள்கிறார், மற்றவர் அதைச் சொல்லித் தம்மைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கப்போகிறார். வேதாகமத்தைத் தலையணைக்கடியில் வைப்பது, வசன ஸ்டிக்கரை வண்டியில் ஒட்டிவிட்டு ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது, இதெல்லாம் முதல் வகை.

அண்ணனுடைய கால் முறிந்ததற்கு வீட்டாரின் விசுவாசக் குறைவு காரணமா? அப்படிச் சொல்ல வேதத்தில் இடமில்லை. சொல்கிறவரை நீங்கள் நம்ப வேண்டியதும் இல்லை. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 2ஆம் வசனத்தில் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். ஐந்தே வசனம் தள்ளி, அதே ஏரோதின் சிறையிலிருந்து தூதன் பேதுருவை வெளியே கொண்டுவருகிறான். இருவருமே இயேசுவோடு நெருங்கியிருந்தவர்கள். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று லூக்கா ஒரு சொல்கூட எழுதவில்லை. எபிரெயர் 11 இன்னும் அழுத்தமானது: 34ஆம் வசனத்தில் சிலர் விசுவாசத்தினால் பட்டயத்துக்குத் தப்பினார்கள், 37ஆம் வசனத்தில் வேறு சிலர் அதே விசுவாசத்தோடு பட்டயத்தால் மாண்டார்கள். லூக்கா 21இல் இயேசு, உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள் என்று சொல்லி, இரண்டு வசனம் கழித்து, உங்கள் தலைமயிரில் ஒன்றும் அழியாது என்கிறார். உயிர் போகிறது, ஆனாலும் ஒரு முடியும் அழிவதில்லை என்றால், அவர் சொல்லும் காவல் சாவையும் தாண்டி நிற்பது. உயிர்த்தெழுதலை விட்டுவிட்டு இந்த வாக்கைப் படிக்க முடியாது.

2004 டிசம்பர் 26 காலையில் வேளாங்கண்ணியில் கடல் கொண்டுபோனவர்களில் பலர் கிறிஸ்துமஸ் திருப்பலிக்காக அங்கே வந்திருந்த யாத்ரீகர்கள். அவர்களுடைய பக்தியை அளக்க நமக்கு உரிமையில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற பேச்சை இயேசுவே மறுத்தார் (லூக்கா 13:4, 5). துன்பப்பட்டவனிடம் காரணம் தோண்டிய யோபின் நண்பர்களைக் கடவுள் கடைசியில் கடிந்துகொண்டார் (யோபு 42:7). கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கிறவர் முன்னால் நின்று "எங்கே தவறினீர்கள்?" என்று கேட்கிற ஊழியக்காரர் செய்வது அந்த நண்பர்களின் வேலை.

காவல் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது சாதாரண வழிகளில், மனிதர்களின் கையால்தான் வருகிறது. அப்போஸ்தலர் 23:11இல் கர்த்தர் பவுலுக்கு, நீ ரோமாவிலும் சாட்சி கொடுக்க வேண்டும் என்று நேரடியாக வாக்குக் கொடுக்கிறார். மறுநாளே 40 பேருக்குமேல் அவரைக் கொல்லச் சபதமெடுக்கிறார்கள். பவுலின் சகோதரி மகன் அதைக் கேட்டு வந்து சொல்கிறான். "வாக்கு இருக்கிறதே" என்று பவுல் சும்மா இருந்துவிடவில்லை; பையனைச் சேனாபதியிடம் அனுப்புகிறார். 200 சேவகர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் என்று ஒரு படையே அவரை இரவோடிரவாகக் கொண்டுபோகிறது. அந்த வாக்கு நிறைவேறிய விதம் அது. 27ஆம் அதிகாரத்துக் கடற்பயணமும் அப்படியே. கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தூதன் சொல்லியாயிற்று. ஆனாலும் மாலுமிகள் படகை இறக்கி நழுவப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்கிறார் பவுல். பிறகு எல்லோரையும் சாப்பிடச் சொல்கிறார். முடிவில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். கப்பல் உடைந்தது, சரக்கு போயிற்று, உயிர் ஒன்றும் போகவில்லை.

நெகேமியா 4:9இல் ஜெபமும் ஜாமக்காரரும் ஒரே வசனத்தில் இருக்கிறார்கள். எசேக்கியா ராஜாவுக்கு 15 ஆண்டு ஆயுளைக் கூட்டிக் கொடுப்பதாக ஏசாயா சொன்ன பிறகும், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார் (ஏசாயா 38:5, 21). பவுல் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அற்புதங்கள் செய்த கைகளே இதையும் எழுதின. எனவே அண்ணனுக்குப் பிளேட் வைக்கச் சொன்ன மருத்துவர், பிசியோதெரபி, காப்பீட்டுப் பணம், எல்லாவற்றையும் ஜெபத்தின் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். நீரிழிவு மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ "விசுவாசத்தால் நிறுத்து" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது பிசாசு உப்பரிகையில் நின்று சொன்னதேதான்: குதி, தூதர்கள் ஏந்துவார்கள்.

இனி வழிநடத்துதல். வாக்குத்தத்த அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபையார் 1731இலிருந்து ஆண்டுதோறும் நாள்வசனப் புத்தகம் அச்சிடுகிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப்போட்டு எடுத்து, அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேர்ந்து சேர்க்கிறார்கள். அன்றைய தியானத்துக்கு அது நல்ல பழக்கம். நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனையில் அட்டை எடுப்பதும் அந்த அளவில் நல்லதே. ஆண்டு முழுவதும் ஒரு வசனத்தை மனதில் வைத்திருக்க உதவும். ஆனால் ஒரு முடிவுக்காகப் பக்கத்தைத் திருப்பி வசனம் பார்ப்பதைத் திருச்சபை நெடுங்காலமாகவே தடுத்துவந்திருக்கிறது. 386இல் மிலான் தோட்டத்தில் ரோமர் 13ஐத் திறந்து வாசித்து மனம் திரும்பிய அகுஸ்தீனாரே, உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷப் பக்கங்களில் குறிபார்ப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று பிற்பாடு எழுதினார். 506இல் பிரான்சின் ஆக்தேயில் கூடிய சங்கம் அதற்குத் தண்டனையே விதித்தது. புதிய ஏற்பாட்டில் சீடர்கள் சீட்டுப்போட்டது யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது. பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கிய பின்பு அவர்கள் ஒருமுறைகூட அப்படிச் செய்ததாக எழுதப்படவில்லை.

அட்டையில் என்ன தவறு நேரும் என்பதற்கு எரேமியா 29:11 நல்ல சான்று. "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற அந்த வசனத்தைப் பார்க்காத கிறிஸ்தவ வீடு இராது. அதற்கு முந்தைய வசனம் அட்டையில் வராது: பாபிலோனில் 70 வருஷம் இருந்த பிறகுதான் திரும்புவீர்கள். அதற்கும் முன்னால், அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது 5ஆம் வசனம். கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்நிய மண்ணிலேயே செத்திருப்பார்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று மக்களுக்குப் பிடித்ததைச் சொன்ன அனனியா பொய்த் தீர்க்கதரிசி (எரேமியா 28). வசனம் உண்மைதான்; ஆனால் அது விசா சீக்கிரம் வரும் என்பதற்கான உறுதிமொழி இல்லை.

கடவுளிடம் அடையாளம் கேட்டுக் கிதியோன் களத்தில் வைத்த ஆட்டுத்தோலைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அவனுக்குக் கட்டளை ஏற்கனவே தெளிவாகக் கிடைத்துவிட்டது (நியாயாதிபதிகள் 6:14). தோல் வைத்தது பயத்தால். உமது கோபம் என்மேல் மூளாதிருக்கட்டும் என்று அவனே கெஞ்சுகிறான். கடவுள் அவன் பலவீனத்துக்கு இரங்கினார், அவ்வளவுதான்.

"மனதில் சமாதானம் இருந்தால் அது தேவ சித்தம்", "கதவு திறந்தால் தேவ சித்தம்" என்ற இரண்டு அளவுகோல்கள் நம் சபைகளில் எப்போதும் கேட்கும். இரண்டுமே தனியாக நின்றால் ஏமாற்றும். யோனா கடவுளை விட்டு ஓடினபோது யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கையில் கூலிப் பணமும் இருந்தது, ஏறியபின் அயர்ந்த நித்திரையும் வந்தது. கதவும் திறந்தது, சமாதானமும் இருந்தது, போன திசைதான் நேர் எதிர். இயேசுவோ கெத்செமனேயில் பிதாவின் சித்தத்தின் நடுவில் நின்றபடியே வியாகுலப்பட்டார். துரோவாவில் பவுலுக்குக் கதவு திறந்திருந்தும், தீத்துவைக் காணாமல் ஆவிக்கு அமைதலில்லாமல் கிளம்பிப் போனார் (2 கொரிந்தியர் 2:12, 13). சூழ்நிலையும் உணர்வும் சாட்சிகள்தான். தீர்ப்புச் சொல்கிறவை அல்ல.

பிறர் சொல்லும் தீர்க்கதரிசனத்தில் மூன்று அடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: சொல்லப்பட்ட செய்தி, அதன் பொருள், அதை வைத்து என்ன செய்வது. எருசலேமில் கட்டப்படுவாய் என்று அகபு என்ற தீர்க்கதரிசி பவுலிடம் சொன்னான். அவர் பிடிபட்டுக் கட்டப்படவும் செய்தார். "ஆகவே போகாதேயும்" என்று கூடியிருந்தவர்கள் எடுத்த முடிவைப் பவுல் ஏற்கவில்லை (அப்போஸ்தலர் 21). யார் சொன்னாலும் நிதானித்துப் பார்க்க வேண்டும் என்பது கட்டளை (1 கொரிந்தியர் 14:29; 1 தெசலோனிக்கேயர் 5:20, 21). 1 இராஜாக்கள் 13இல் ஒரு கிழத் தீர்க்கதரிசி, தூதன் சொன்னான் என்று பொய் சொன்னதை நம்பித் திரும்பிய தேவமனிதன் சிங்கத்தால் மாண்டான். அவனுக்குக் கடவுளுடைய நேரடிக் கட்டளை முன்பே கிடைத்திருந்தது. திருமணம், கடன், நிலம், வேலை விஷயங்களில் "கர்த்தர் உங்களுக்குச் சொல்லச் சொன்னார்" என்று யாராவது வந்தால், உடனே முடிவெடுக்க அவசரப்படுத்துகிறாரா, பணம் கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள்.

வழிநடத்துதல் எப்படி நடக்கிறது என்பதற்கு நான் முதலில் காட்டுவது அப்போஸ்தலர் 16:6 முதல் 10 வரை. பவுலும் அவரோடிருந்தவர்களும் ஆசியா என்ற ரோம மாகாணத்தில் பிரசங்கிக்காதபடி ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதுவும் முடியவில்லை. துரோவாவில் மக்கெதோனியா மனிதன் தரிசனத்தில் வந்தான். பின்பு எல்லோருமாகச் சேர்ந்து நிச்சயித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது என்று பொருள். தரிசனம் கண்ட பிறகும் கூடி யோசித்தார்கள். தடை இரண்டு, தரிசனம் ஒன்று, கூட்டு யோசனை ஒன்று. அப்படிப் போய்ச் சேர்ந்த பிலிப்பியில் அடியும் சிறையும் கிடைத்தன. சரியான வழியில்தான் போனார்கள், கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டன.

உங்கள் வளைகுடா வேலைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். வேதம் ஏற்கனவே சொல்லிவிட்டதை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்; அதற்கு அடையாளம் கேட்க வேண்டியதில்லை. கடனை அடைக்காமல் ஓடுவதற்காகப் போகிறீர்களா? மனைவி பிள்ளைகளை யார் பொறுப்பிலும் இல்லாமல் விடுகிறீர்களா? வேலை பொய்யையோ ஏமாற்றையோ கேட்கிறதா? இதில் ஒன்றுக்கு "ஆம்" என்றால், ஜெபம் செய்ய வேண்டியது அந்தத் தவறைச் சரிசெய்யும் பலத்துக்காக. இவை எதுவும் இல்லையென்றால், போவதும் பாவமில்லை, இருப்பதும் பாவமில்லை. இந்த விடுதலையைப் பலர் அனுபவிப்பதே இல்லை. விதவை யாரை மணக்கலாம் என்பதற்கே, கர்த்தருக்குட்பட்டவனாயிருந்தால் தன் விருப்பப்படி என்றுதான் பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7:39). ஒரே ஒரு புள்ளியில் தேவ சித்தம் ஒளிந்திருக்கிறது, அதைத் தவறவிட்டால் வாழ்க்கையே போயிற்று என்ற பயம் வேதத்திலிருந்து வருவதில்லை.

அடுத்தது மனம். பிரிஸ்டலில் 10,000க்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர், ஒரு காரியத்தில் தமக்கென்று சொந்த விருப்பம் எதுவும் இல்லாத நிலைக்கு மனதைக் கொண்டுவருவதே முதல் வேலை என்றார்; பத்தில் ஒன்பது பங்கு சிக்கல் அதிலேயே தீரும் என்பது அவர் கணக்கு. அதன்பின் வேதம், சூழ்நிலை, ஜெபம், நிதானமான யோசனை. முடிவு எடுத்தபிறகும் இன்னும் இரண்டு மூன்று முறை அதே ஜெபத்தை வைத்து, மனம் அமைதியாக நிற்கிறதா என்று பார்ப்பார். சமாதானத்துக்கு அவர் கொடுத்த இடம் கடைசி.

முடிவெடுக்க ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொல்லும் முறையில் பட்டியல் நான்கு: போனால் வரும் நன்மை, போனால் வரும் தீமை, போகாவிட்டால் வரும் நன்மை, போகாவிட்டால் வரும் தீமை. இரண்டோடு நிறுத்துகிறவர்கள் போகாமல் இருப்பதன் விலையைக் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு அவர் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்வார்: முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்தால் அவருக்கு என்ன ஆலோசனை சொல்வேன்? மரணப் படுக்கையில் கிடக்கும்போது எதைத் தேர்ந்திருக்க விரும்புவேன்? அவர் வைத்த இன்னொரு விதி பொன்னானது: உள்ளம் வறண்டு இருண்டு கிடக்கும் நாட்களில், தெளிவான வேளையில் எடுத்த முடிவை மாற்றாதே. விபத்து நடந்து இரண்டு வாரத்தில், வீடே கலங்கிக்கிடக்கும்போது, "இந்த ஊரே வேண்டாம்" என்று கிளம்புவது இந்த விதிக்கு நேர் விரோதம்.

விசாரிக்க வேண்டியதை விசாரிப்பதும் ஆவிக்குரிய காரியம்தான். முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுபெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்டாலோ, சுற்றுலா விசாவில் ஏறு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, அந்தக் கதவு அடைபட்டதாகவே கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், விடுப்பு, திரும்பும் பயணச்சீட்டு எழுத்தில் இருக்கிறதா? ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும் என்று யாக்கோபு 1:5 சொல்கிறது. அந்த ஞானம் இப்படிப்பட்ட கேள்விகளாகவும் வரும். ஆலோசனைக்கு மூன்று பேர் போதும்: உங்களை நன்றாக அறிந்த ஒருவர், அந்த நாட்டில் வேலை செய்து திரும்பிய ஒருவர், உங்கள் போதகர் அல்லது பங்குத்தந்தை. மூவரிடமும் ஒரே விவரத்தைச் சொல்லுங்கள். நமக்கு வேண்டிய பதில் வரும்படி ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொல்வது எளிதில் நுழையும் தவறு.

இவ்வளவும் செய்த பிறகும் முழு வெளிச்சம் கிடைக்காமல் இருக்கலாம். சங்கீதம் 119:105 கடவுளுடைய வசனத்தைக் கால்களுக்குத் தீபம் என்கிறது. அந்தக் காலத்துத் தீபம் உள்ளங்கை அளவு மண்ணகல். அது காட்டுவது அடுத்த சில அடிகளை. அந்த அளவு தெரிந்தால் நடக்கத் தொடங்கலாம். முடிவு பிசகினாலும் கைவிடப்படுவதில்லை. புயலில் சிக்கிய அந்தக் கப்பலே பவுலின் பேச்சைக் கேட்காமல் பிறர் எடுத்த தவறான முடிவால் கிளம்பியதுதான். ஆனாலும் தூதன் அந்தக் கப்பலுக்குத்தான் வந்தான்.

இரவு ஜெபத்தில் 91ஐ நிறுத்த வேண்டாம். சொல்லும் முறையை மட்டும் மாற்றுங்கள். ஒருவர் முதல் இரண்டு வசனங்களைச் சொல்லட்டும். 3 முதல் 13 வரை வீட்டார் எல்லோரும் சேர்ந்து, அண்ணனைப் பார்த்தே சொல்லுங்கள். அந்தப் பகுதி ஒருவர் மற்றவரைத் தேற்றுவதற்காக எழுதப்பட்டது. பிறகு கொஞ்சம் அமைதி. 14 முதல் 16 வரை ஒரே குரல், நிதானமாக. "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்ற இடத்தில் அண்ணனுடைய பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். மொத்தம் மூன்று நிமிடம் ஆகும். வலி அதிகமாக இருக்கிற இரவில் முழுவதும் வேண்டாம், அந்தக் கடைசி மூன்று வசனம் போதும்.